கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

…அதத்தான் எல்லாரும் சொல்றீக. சாப்ட்வேருக்கு ஆம்பள ஏது, பொம்பள ஏதுன்னு. உங்களுக்கு முன்னாடி வந்தாரே உங்க கம்பெனி ஆளு, அருள் பிரகாஷ், அவரும் இதே நாற்காலியில உக்காந்து, இதே மாதிரி பைய மடியில வச்சுக்கிட்டு, இதேதான் சொன்னாரு. மதுரையில எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பாக போல. எந்திரிக்காதீக தம்பி, இருங்க. ஆச்சி வர நேரமாகும். கண்டனூர்ல அவுக பங்காளி வீட்டுக் கல்யாணம். தலைவி அவுகதான், கையெழுத்து அவுகதான், இல்லேங்கல. ஆனா இந்த மகளிர் கூட்டமைப்புக்குச் செயலாளர்னு ஒருத்தி இருக்கேன்ல, சகாயம்மாள்னு. எங்கிட்டயே பேசலாம்.

பேரு என்ன சொன்னீக… கதிரவனா. நல்ல பேரு. நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னு எனக்குத் தெரியும். வருசா வருசம் புதுப்பிக்கிற காயிதத்துல இந்தத் தடவ ஏன் கையெழுத்துப் போடல, உங்க புரோகிராம ஏன் தூக்கிப் போட்டோம், அதானே. கேளுங்க. இல்ல, கேக்க வேணாம், நானே சொல்லிர்றேன்.

தொண்ணூத்தாறுல எங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர வெளிநாட்டுக்காரக தானமாக் குடுத்தாக. ஊரூராச் சேமிப்புக் குழு வச்சிருக்கோம், ஒக்கூரு, அமராவதிபுதூரு, அங்குட்டு கெழக்குப் பக்கம் பூரா. அத்தன பொம்பளைகளையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னாக. ஏத்துறதுக்கு ஒரு புரோகிராம் வேணும்னாக. உங்க கம்பெனி வந்துச்சு. தமிழ் எழுத்து அழகா வருது, பூப் போட்டு உறுப்பினர் அட்ட வருதுன்னு ஆச்சி மயங்கிட்டாக. நானுந்தான் மயங்குனேன்.

வின்சி இருக்கே, அந்தா, அங்குட்டு தட்டிக்கிட்டு இருக்கே, அந்தப் புள்ளதான் ஏத்துச்சு. பேரு. வயசு. ஊரு. அப்பறம் கணவர் பெயர். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு செவப்புப் புள்ளி. கட்டாயம் நிரப்பணுமாம். நிரப்பலன்னா கீழ எறங்க விடாது, கிய்யின்னு கத்தும். நாங்களும் நிரப்பிக்கிட்டே போனோம். ஒரு பொம்பளையும் ஒண்ணும் சொல்லல. ரேஷன் கார்டுல கேக்குறான், ஆஸ்பத்திரியில கேக்குறான், இதுலயும் கேக்குறான், கேட்டுட்டுப் போறான்னு.

ஒக்கூர் அக்கம்மா வந்துச்சு. அக்கம்மாள்னு, கூலி வேல பாக்குற பொம்பள. புருசன் மலையாண்டி, மக கைக்குழந்தையா இருந்தப்பவே விட்டுட்டுப் போயி திருப்பத்தூர்ல இன்னொருத்தியோட இருக்கான். கட்டுன தாலிய இவளே கழட்டி உண்டியல்ல போட்டுட்டா. வின்சி கணவர் பேரு கேட்டதும், அந்தப் பேரு வேணாம்னுட்டா. சத்தம் போடல, சண்ட போடல. வேணாம். அவ்வளவுதான்.

சரின்னு வின்சி சும்மா விட்டுப் பாத்துச்சு. கிய்யின்னுச்சு. ஒரு புள்ளி வச்சுப் பாத்துச்சு. பத்தாதாம், பேரு வேணுமாம். அதுல மூணு தினுசுதான் இருக்கு. மணமானவர், மணமாகாதவர், விதவை. மணமாகாதவர்னு போட்டா மகளுக்கு எடமில்ல. அப்ப விதவைன்னு போட்டுருவமான்னு வின்சி கேட்டுச்சு. அக்கம்மா சொன்னா, “வாரச் சந்தையில உக்காந்து பணியாரம் திங்கிறவன நான் எப்புடித் தாயி சாகடிக்கிறது?”

வின்சி மதுரைக்குப் போன் போட்டுச்சு. அருள் பிரகாஷ் என்ன சொன்னாருங்கிறீக? ஏதாவது ஒரு பேரப் போட்டு விடுங்க மேடம்னாரு. ஏதாவது ஒரு பேரு. பாத்துக்கிருங்க. ஒரு பொம்பளைக்கிப் புருசனா எவன் பேரப் போட்டாலும் உங்க பெட்டி வாங்கிக்கிரும். புருசனே இல்லைங்கிறத மட்டும் வாங்காது.

புள்ள கோவத்துல ‘இல்லை’ன்னு அடிச்சுச்சு. அத வாங்கிக்கிருச்சு. அட்ட வந்துச்சு, பூப் போட்டு. திருமதி அக்கம்மாள், கணவர் பெயர்: இல்லை. ஆச்சி பாத்தாக. இத வச்சுக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும், கிழிச்சுப் போடு, மலையாண்டின்னே போடு, பேரு தானே, அது என்ன கடிக்கவா போகுதுன்னாக. போட்டாச்சு. அக்கம்மா அந்த அட்டய வாங்கி, படிக்கத் தெரியாதவதான், ஆனா எந்த எழுத்து அவன் பேருன்னு மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுமேல பெருவெரல வச்சு மறச்சுப் பிடிச்சுக்கிட்டே போனா.

டீ சாப்புடுங்க. ஆறிப் போச்சா? பரவால்ல.

அப்பறந்தான் மாடு வந்துச்சு. குழுவுல கடன் போட்டு அக்கம்மாவுக்கு ஒரு செனை மாடு வாங்கிக் குடுத்தோம். யார் யாருக்கு என்ன குடுத்தோம்னு ஊருல ஒட்டணும், அது எங்க சட்டம், ஒளிவு மறைவு இருக்கக் கூடாதுன்னு. உங்க புரோகிராம்ல பிரிண்டு எடுத்தா அந்தப் புருசன் பேரும் தானா வந்து உக்காந்துக்கிரும். எடுக்க வழி இல்ல. ரேஷன் கடைச் சொவத்துல ஒட்டியாச்சு. மாடு, அக்கம்மாள், கணவர் மலையாண்டி.

எவனோ போயி திருப்பத்தூர்ல சொல்லியிருக்கான். உன் பேரு கம்ப்யூட்டர்ல வந்திருக்குடா, மாடு வந்திருக்குடான்னு. வந்துட்டான். சொவத்துக்கு முன்னாடி நின்னு நாலு பேர விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டானாம். நேரா அவ வீட்டுக்குப் போனான், மாட்ட அவுத்தான். அவ கயித்தப் பிடிச்சா. பிடிச்சவள இழுத்துத் தள்ளுனதுல மணிக்கட்டு பெசகிப் போச்சு. ஊரு பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. பெரியவுகன்னு நாலு பேரு வந்து என்ன ஞாயம் சொன்னாக தெரியுமா? கையில எழுதுனதுன்னா தப்பு இருக்கும் அக்கம்மா, இது கம்ப்யூட்டர்லயே வந்திருக்கு, அவன் பேருல்ல போட்டிருக்குன்னாக. மாடு மேலூர்ப் பக்கம் போயிருச்சு. வித்துட்டான். இன்னைக்கி வரைக்கும் திரும்பல.

மறுநாளு கையில துணியச் சுத்திக்கிட்டு அக்கம்மா இங்க வந்தா. எங்கள யாரையும் ஒண்ணும் கேக்கல. வின்சிக்குப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தா. கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு சொன்னா, “தாயி, அந்தப் பெட்டிகிட்டக் கேளு. அவன் எனக்கு யாருன்னு அதுக்கு யாரு சொன்னதுன்னு கேளு.”

வின்சி அழுதுருச்சு. எனக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு. மறு பஸ்ஸுக்கு மதுரைக்குக் கெளம்பிட்டேன். உங்க மேனேஜர், இருக்காரா இன்னும்? இருப்பாரு. ஏசி ரூம்ல உக்கார வச்சு, இது ஒரே ஒரு லேடியோட பிரச்சினைம்மான்னாரு. அந்தக் கட்டத்த எடுத்துருங்கன்னேன். முடியாதாம். அப்ப தொறந்து காட்டுங்க, எங்க அந்தக் கேள்வி இருக்குன்னு நாங்களே எடுத்துக்கிர்றோம்னேன். சிரிச்சாரு தம்பி. சிரிச்சுக்கிட்டே, அதெல்லாம் தொறக்க முடியாதும்மா, அது கம்பெனி ரகசியம்னாரு. என்ன பெரிய ரகசியம்? பொம்பளைக்குப் புருசன் இருப்பாங்கிறதா? எங்க ஊருல ஆடு மாட்டுக்கும் தெரிஞ்ச ரகசியம். அடுத்த வெர்ஷன்ல பாக்குறோம்னு சொல்லி ஒரு டைரி குடுத்து அனுப்புனாரு.

இருங்க, என்ன அவசரம். ஒங்களத் திட்டல. நீங்க புதுசு.

எங்க தெருவுல சத்தியப்பிரியான்னு ஒரு புள்ள. கம்ப்யூட்டர் படிச்சு முடிச்சிருச்சு, மாப்பிள்ள வார வரைக்கும்னு வீட்டுல வச்சிருந்தாக. அது ஒரு சி.டி. வச்சிருந்துச்சு. மெட்ராஸ்லருந்து நாலு பசங்க அது காலேஜுக்கு வந்து பேசிட்டுக் குடுத்த சி.டி. லினக்ஸாம். அந்தப் பேச்சுக்கு நானுங்கூடப் போயிருந்தேன், சர்பத் குடுத்தாக. ஃப்ரீன்னா இலவசம்னு நெனச்சுராதீங்க, சுதந்திரம், சுதந்திரம்னு மேடையில குதிச்சான் ஒருத்தன். உள்ள இருக்குறது எல்லாத்தையும் யாரும் பாக்கலாம், யாரும் மாத்தலாமாம். சத்தியப்பிரியா எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேட்டுச்சு. பதிலு அதுக்குச் சொல்லல தம்பி. பின்னாடி வரிசையில உக்காந்திருந்த வாத்தியாரப் பாத்துச் சொல்றான். கேட்டது இங்க, பதிலு அங்குட்டு. சுதந்திரம் எங்குட்டுப் பாத்துப் பேசுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

இதுல இன்னொரு அம்மா. ஆச்சிக்குத் தெரிஞ்சவுக, மெட்ராஸ்லருந்து பெண்ணியம் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்திருந்தாக. சத்தியப்பிரியா நான் வேற புரோகிராம் செஞ்சு தாரேன்னு சொன்னப்ப அவுகளும் இங்கதான் இருந்தாக. எங்கள ஒரு பார்வ பாத்தாக. வரதட்சணை இருக்கு, சாராயம் இருக்கு, கூலியில பாதி கூட வரல, இதுல புரோகிராம் தொறந்திருந்தா என்ன, பூட்டியிருந்தா என்ன, பெண்ணியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இங்கிலீஷும் தமிழுமாக் கேட்டாக. ஒக்கூருல ஒரு தொழுவம் வெறிச்சுனு கெடக்கு, போயிப் பாத்துட்டு வாங்க, சம்பந்தம் தெரியும்னேன். போகல. வெயிலாம்.

சரி, புள்ள ஆரம்பிச்சுச்சு. லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காதீக. பிரிண்டர் ஓடல. ஓடுனா ஊளையிட்டுச்சு. சந்தேகம் கேக்க அந்த மெட்ராஸ் பசங்களுக்கு பிரவுசிங் சென்டர்ல போயி ஈமெயில் போட்டுச்சு. வந்த பதிலு ஒரே வரி. புத்தகத்தப் படிச்சிட்டு வந்து கேளு. திருப்பிக் கேட்டுச்சு. இன்னொருத்தன், நீ நெசமாவே பொண்ணுதானான்னு எழுதுறான். புள்ள யோசிச்சுச்சு. பேர மாத்திப் பிரியன்னு போட்டு அதே கேள்விய அனுப்புச்சு. அன்னைக்கே வந்துச்சு பாருங்க பதிலு, பக்கம் பக்கமா, அன்புள்ள நண்பருக்குன்னு. அப்பறம் வேல முடியிற வரைக்கும் அது பிரியன்தான். நல்ல சுதந்திரம்னு சிரிச்சோம். சிரிக்காம என்ன செய்ய?

ஆனா ஒண்ணு சொல்றேன். யாரோ எந்தத் தேசத்துலயோ ஒரு சங்கத்துக்காக எழுதி வச்ச புரோகிராம், அத எடுத்துத்தான் இது மாத்துச்சு. அதுலயும் அந்தக் கேள்வி இருந்துச்சு தம்பி. அதே கேள்வி. அதயும் எந்த ஊரு ஆம்பளையோதான் எழுதியிருப்பான். சுதந்திரமா எழுதுனாலும் அதத்தான் எழுதியிருக்கான். ஒருநாள் சத்தியப்பிரியா என்னக் கூப்புட்டு, அத்தை, இந்தா, இந்த வரிதான்னு காட்டுச்சு. இங்கிலீஷ்ல ஒரு வரி. இவ்வளவுதானான்னேன். இவ்வளவுதான்னுச்சு. இந்த ஒத்த வரியா ஒரு மாட்டக் கொண்டு போச்சுன்னேன். நீங்களே அழிங்க அத்தைன்னு எந்திரிச்சு எடம் குடுத்துச்சு. எந்தப் பொத்தான்னு கேட்டு அமுக்குனேன். ஒவ்வொரு எழுத்தாப் போச்சு. கத்தல. ஒண்ணும் கத்தல.

என்னது? பையில என்ன, புது வெர்ஷனா? ஓ… அதுல பிரிந்து வாழ்பவர்னு ஒரு தினுசு சேத்தாச்சாக்கும். சந்தோசம். யாரு கேட்டுச் சேத்தீக? நாங்க வந்து மன்றாடுனப்ப முடியாது, ரகசியம். இப்ப நாங்க தூக்கிப் போட்டதும் முடிஞ்சிருச்சு. நாளைக்கி உங்க மேனேஜருக்கு வேற ஒண்ணு தோணும், கொலதெய்வம் கட்டாயம்னு ஒரு செவப்புப் புள்ளி வப்பாரு. மறுபடி நான் மதுரைக்கு பஸ் ஏறணும், ஏசியில உக்காந்து கெஞ்சணும், இன்னொரு டைரி வாங்கிக்கிட்டு வரணும். உங்க கட்டம் நல்லதா கெட்டதாங்கிறது இல்ல தம்பி. அதுல கை வைக்கிறது யாருங்கிறதுதான்.

ஆமா, எங்களது அழகு இல்ல. ஒத்துக்கிர்றேன். தமிழ் எழுத்து இன்னும் வரல, பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கிறோம். அட்டயில வின்சி கையால தமிழ்ல எழுதிக் குடுக்குது. பூவும் இல்ல. ஆச்சிக்கு அதுல வருத்தந்தான்.

வேல முடிஞ்சதும் கூட்டம் போட்டோம். என்னென்ன கேக்கணும்னு நீங்களே சொல்லுங்கன்னு சத்தியப்பிரியா சொல்லிருச்சு. அதுவரைக்கும் எங்கள யாரும் அப்படிக் கேட்டதில்ல. பொறவு ஆரம்பிச்சாக. ஒரே சத்தம். பேங்குல கேப்பாக, புருசன் பேரு இருக்கட்டும்னாக ஆச்சி. பேங்குக்கு வேணும்னா பேங்கு கேட்டுக்கிறட்டும், நம்ம ஏன் முந்திக்கிட்டுக் கேக்கணும்னா அமராவதிபுதூர்க் கருப்பி. விருப்பப்பட்டா சொல்லலாம், இல்லாட்டி விட்டுறலாம்னு முடிவாச்சு. அவ்வளவுதான்னு எந்திரிக்கப் போனோம்.

அக்கம்மா மூலையில இருந்தா. அவ சொன்னா, “யாரு பேரு வேணும்னு கேட்டீக. யாருகிட்டக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு கட்டம் போட முடியுமா?”

சத்தியப்பிரியா எல்லாரையும் ஒரு தடவ பாத்துச்சு. முடியும்னுச்சு. அங்கனயே உக்காந்து போட்டுருச்சு. கட்டாயம் கெடயாது. பிரிண்டுல வராது, அட்டயில வராது, வெளிய ஒட்டுறதுல வராது. உறுப்பினர் இல்லாத நேரத்துல அவ பேரச் சொல்லிப் பணமோ பொருளோ கேட்டு எவனாவது வந்தா, வின்சி பாத்துக்கிற மட்டுந்தான்.

நான் என்ன நெனச்சேன்னா, அக்கம்மா ஒருத்தி நிரப்புவா, இன்னும் ரெண்டு பேரு, அம்புட்டுத்தான்னு. உங்க மேனேஜர் சொன்ன மாதிரி ஒரே ஒரு லேடி. ஊர் ஊரா வரச் சொல்லித் திரும்ப ஏத்துனோம். வந்தாக. புருசன் பேருக் கட்டத்துல நின்னு யோசிச்சு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டுப் போனாக பாதிப் பேரு, வீட்டுல குத்துக்கல்லாட்டம் புருசன் இருக்குறவுகதான். ஆனா அந்தக் கடைசிக் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்னுச்சு. அங்குட்டும் இங்குட்டும் பாத்தாக. வின்சி காதுல சொன்னாக. புருசன் பேரச் சொன்னாக, மகன் பேரச் சொன்னாக. கூடப் பொறந்த அண்ணன் பேர. ஒரு கெழவி மருமகன் பேரச் சொல்லிட்டு, அடிச்சிட்டியான்னு ரெண்டு தடவ கேட்டுச்சாம். சிரிச்ச மொகமா வருசக்கணக்கா என் எதுக்க உக்காந்திருந்த பொம்பளைக தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாமத்தான் நான் செயலாளரா இருந்திருக்கேன்.

ஆச்சியா? ஆச்சி ஒரு மத்தியானம் தனியா கார்ல வந்தாக. என்னப் போயி வெத்தல வாங்கிட்டு வரச் சொன்னாக. வெத்தல போடுற பழக்கமே அவுகளுக்குக் கெடயாது. போனேன், மெதுவா வாங்கிட்டு மெதுவா வந்தேன். வின்சிகிட்ட நான் கேக்கல. கேட்டாலும் அது சொல்லாது.

என்ன கேக்குறீக? தொறந்த புரோகிராம்னா எல்லாமே தொறந்து கெடக்கும்ல, அந்தப் பேரெல்லாம் யாரும் பாத்துறலாமேங்கிறீகளா? நல்லாக் கேட்டீக. பாக்க முடியாது. வின்சிக்கும் சத்தியப்பிரியாவுக்கும் தெரிஞ்ச சொல்லு ஒண்ணு இருக்கு, அது இல்லாம அந்தப் பக்கம் வராது. உங்களது எப்படி இருந்துச்சு? புரோகிராமுக்குப் பூட்டு, எங்க சங்கதி ரேஷன் கடைச் சொவத்துல. எங்களது அப்படி இல்ல. புரோகிராம யார் வேணும்னாலும் தொறந்து பாத்துக்கிறட்டும், எங்க சங்கதி பூட்டிக் கெடக்கு. இத அந்த ஆராய்ச்சி அம்மாகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன், அவுக ஊருக்குப் போயிட்டாக.

கெளம்பிட்டீகளா? ஆச்சியப் பாக்கலையா… மதுரை பஸ் பெரியார் சிலைகிட்ட நிக்கும். அந்த ஃப்ளாப்பிய ஏன் மேசையில வக்கிறீக, எடுத்துட்டுப் போங்க.

நானா? நான் போட்டேனான்னா கேக்குறீக? இதத்தான் எங்க வீட்டுக்காரரும் கேக்குறாரு. அமலதாஸ் வாத்தியாருன்னா செக்காலையில எல்லாருக்கும் தெரியும், ஒரு பழுது சொல்ல முடியாது. இப்படி ஒரு கட்டம் இருக்குன்னு யாரோ அவருகிட்டச் சொல்லிட்டாக. அன்னையிலருந்து சோத்தப் போட்டா மொதல்ல என் மூஞ்சியப் பாக்குறாரு, அப்பறந்தான் தட்டப் பாக்குறாரு. நேத்து கேட்டே புட்டாரு, சகாயம், அதுல என் பேரு இருக்கான்னு. இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா மனுசன் நிம்மதியாத் தூங்குவாரு. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் தம்பி. பொறவு, ரசம் ஊத்தவான்னு கேட்டேன்.

…தம்பி?

வின்சி, அந்தத் தம்பி போயிருச்சா?